குழந்தை பக்கத்து அறையில் இருக்கு

வார்டில் எல்லோரும் அவளைக் குட்டி சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வெளிநாட்டு வேலை ஆசையில், ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு ஜப்பானிய மொழி கற்றுக்கொண்டிருந்தாள். அதனாலேயே, அவசர ஆபரேஷனில் பிரசவமான ஜப்பானியப் பெண்ணை அவள் தலையில் கட்டிவிட்டார்கள். அந்தப் பெண்ணின் கணவர் ஓரளவு தமிழ் தெரிந்த தொழிற்சாலை இன்ஜினியர். தகவல் கேட்டு வந்துகொண்டிருந்தார்.

மயக்கம் தெளிந்ததும் அந்தப் பெண் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். பதறிப்போய்க் குட்டி சிஸ்டரின் கையைப் பிடித்தாள்.

"அகச்சான்?"

குழந்தையைத்தான் கேட்டாள். லேசாக மூச்சுத் திணறியதால் பக்கத்து அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், மற்றபடி பயமில்லை. ஒரே வரியில் சொல்லிவிடலாம். 'இருக்கு' என்பதற்கு இமாசு, அரிமாசு என்று இரண்டு சொற்கள் நினைவுக்கு வந்தன. புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே ஆங்கில அர்த்தம்தான் போட்டிருந்தது. நாமும் குழந்தையை 'இருக்கு' என்றுதானே சொல்கிறோம், எதைச் சொன்னால் என்ன என்று, வாயில் முதலில் வந்ததையே, பக்கத்து அறையைக் கை காட்டி, சிரித்த முகத்தோடு சொன்னாள்.

"அகச்சான்... அரிமாசு."

அந்தப் பெண் வெளிறிப்போனாள். அடுத்த நொடி அவள் போட்ட அலறலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, போட்ட தையலோடு கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தாள். மூச்சிரைக்க உள்ளே வந்த கணவர், மனைவி கதறிச் சொன்னதைக் கேட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர்... குழந்தைக்கு உயிர் இல்லையா?"

"ஐயையோ! என்ன சார் சொல்றீங்க? நல்லா இருக்கு சார்! இப்பக்கூட அழுதுட்டுதான் இருக்கு!"

"அரிமாசு சொன்னீங்க. அது மேசை, நாற்காலிக்கு. உயிர் இருந்தா இமாசு."

குட்டி சிஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. பெற்றவளிடம் போய், பல்லைக் காட்டிக்கொண்டு, உன் பிள்ளை ஒரு சாமானாகக் கிடக்கிறது என்றல்லவா சொல்லியிருக்கிறாள்!

யாரையும் கேட்காமல் ஓடிப்போய்ப் பெட்டியோடு குழந்தையை உருட்டிக்கொண்டு வந்தாள். அது முகம் சிவக்க வீறிட்டுக்கொண்டிருந்தது. தாய் பெட்டியின் துளை வழியே கைவிட்டு அந்தப் பிஞ்சுக் காலைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விடவேயில்லை.

மறு கையில் ஊசியைத் திரும்பக் குத்த வேண்டியிருந்தது. குட்டி சிஸ்டர் தட்டித் தட்டிப் பார்த்தாள். நரம்பு அகப்படவேயில்லை.

"தள்ளு, நான் போடறேன். பண்ணினது போதும்" என்றாள், அலறல் கேட்டு வந்திருந்த பெரிய சிஸ்டர்.

ஜப்பானியப் பெண்ணுக்கு அது புரிந்ததோ என்னவோ, நீட்டிய கையைக் குட்டி சிஸ்டரிடமிருந்து எடுக்கவில்லை. இன்னும் தேம்பிக்கொண்டுதான் இருந்தாள்.