காலாவதி ஆகாத பெட்டி

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவளை எல்லோரும் 'கரண்ட்' என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், மேற்பார்வையாளர் ஒருவர் "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை" என்று அவள் காதுபட முணுமுணுத்தார். அவள் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்துக்கு நேரே போய், "சார், இன்னொரு தடவை சொல்லுங்க, சரியாக் கேக்கல" என்றாள். தொட்டால் அடிக்கும் என்று அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார்கள்.

அவள் அக்கா வீட்டில் இருந்தாள். மூன்றாம் மாடி, இரண்டு அறை. அக்காவுக்கு வேலை வீட்டிலிருந்தேதான். காது கேளாதவர்கள் மருத்துவரைப் பார்க்கப் போனால், அங்கே இருக்கும் திரையில் அக்கா தோன்றுவாள். மருத்துவர் பேசுவதைக் கைச்சைகையில் சொல்வாள். நோயாளியின் கைகள் சொல்வதை வாயால் சொல்வாள். மாமா ஒரு அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்பவர். வம்பு என்றால் நாலு தெரு தள்ளி நடக்கிறவர்.

எல்லாம் தொடங்கியது ஒரு புதன்கிழமை. திரையின் அந்தப் பக்கம் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி. மருத்துவர், "இந்த மாத்திரைய இனிமே சாப்பிடக்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாத்திரை, இனிமேல், சாப்பிடுவது என்று அக்காவின் கைகள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தன. "கூடாது" என்று கையை வீசுவதற்குள் படம் உறைந்துவிட்டது. இணையம் போய்விட்டது. அலமாரி மேலிருந்த இணையப் பெட்டி, ரவுட்டர், தானாக அணைந்து தானாக எரிந்துகொண்டிருந்தது.

நாலு நிமிஷம் கழித்து இணைப்பு வந்தபோது நாற்காலி காலி. அக்கா மருத்துவமனைக்குத் தொலைபேசியில் அடித்துக் கத்த, நர்ஸ் ஒருத்தி ஓடிப்போய் மருந்துக் கடை வாசலில் அந்தப் பெண்ணை மடக்கித் தாளில் எழுதிக் காட்டினாள். அதே மாத்திரையை இன்னும் இரண்டு அட்டை வாங்கிப் பைக்குள் வைத்திருந்தாளாம் அவள்.

கரண்ட் வேலை முடிந்து வந்தபோது அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"கடைசி ஒரு சொல்லுடீ," என்றாள். "அந்த ஒரு சொல்லு போய்ச் சேரல."

ரவுட்டர் ஒரு மாதமாகவே அப்படித்தான். இணையக் கம்பெனி ஒரு அறிவிப்பு அனுப்பியிருந்தது: 'உங்கள் கருவியின் ஆதரவுக் காலம் முடிந்தது. புதிய கருவிக்கு மாறவும்.' அதிலிருந்து தினமும் ஏதாவது ஒரு நேரத்தில் அது தானாக அணைந்து மறுபடி தொடங்கும். தொடங்கியதும் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் புதுப் பெட்டியின் விளம்பரம் வந்து நிற்கும்.

மறுநாள் கம்பெனி ஆள் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட்.

"பெட்டி பழசு மேடம். மாத்திக்கோங்க."

"எந்தப் பாகம் கெட்டுப்போச்சு?" என்றாள் கரண்ட்.

"கெட்டெல்லாம் போகல. காலாவதி ஆயிடுச்சு."

"பாலா தயிரா, காலாவதி ஆக? உள்ள ஒண்ணும் கெடலன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் ஏன் தானா நின்னு நின்னு எரியுது?"

"அது மேலிருந்து வர்ற அப்டேட் மேடம். எங்க கையில இல்ல."

"இது வாடகைப் பெட்டியா, எங்க பெட்டியா?"

அவர் டேப்லெட்டைத் தேய்த்துப் பார்த்தார். "உங்களோடதுதான். நீங்க வாங்கினது."

"அப்ப எங்க வீட்டுப் பெட்டிக்கு மேலிருந்து யாரு உத்தரவு போடறது?"

கம்பெனி ஆள் டேப்லெட்டைப் பைக்குள் வைத்தார். புதுப் பெட்டிக்கான படிவத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். கரண்ட் அதைத் திருப்பிப்போட்டு, கைபேசியில் தேடித் தேடி, பின்பக்கம் பேனாவால் குறிப்பெடுக்க ஆரம்பித்தாள்.

உலகத்தில் பல பேர் சேர்ந்து இந்த மாதிரிப் பெட்டிகளுக்கென்று ஒரு மென்பொருள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பார்க்கலாம், திருத்தலாம் என்று பொதுவில் வைத்திருந்தார்கள். அவர்கள் வீட்டு ரவுட்டர் வகைக்கும் அது இருந்தது. ஒரே ஒரு தடங்கல். மின்சாரம் வந்ததும் பெட்டிக்குள் முதலில் கண் விழிப்பது பூட்லோடர் என்கிற குட்டி நிரல். மற்ற மென்பொருளை எழுப்பிவிடுவது அதுதான். கம்பெனி போட்ட பூட்லோடரோ, கம்பெனி முத்திரை இல்லாத எதையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

"அப்ப முடியாதுல்ல," என்றார் மாமா. குரலில் நிம்மதி தெரிந்தது.

"வாசல்ல நிக்கிற ஆள மாத்திட்டா முடியும் மாமா."

"ஏதாவது ஏடாகூடமா ஆயிடுச்சுன்னா?"

"பெட்டி வெறும் செங்கல்தான். கதவு சாத்தாம இருக்க முட்டுக் குடுக்கலாம்."

மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா, "பண்ணுடீ," என்றாள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாள் விரித்து, ரவுட்டரின் நாலு திருகுகளைக் கழற்றி மூடியைத் திறந்தாள். உள்ளே பச்சைப் பலகை. ஓரத்தில் வரிசையாக நாலு சின்னத் துளைகள். மீட்டரை வைத்து எது எது என்று பார்த்து, மூன்றில் மட்டும் மூன்று ஒயர்களைப் பற்றவைத்தாள்: ஒன்று பேச, ஒன்று கேட்க, ஒன்று தரைக்கு. நாலாவது மின்சாரம். அதை அவள் தொடவில்லை. ஒயர்களின் மறுமுனையை ஒரு சின்ன மாற்றி வழியாக மடிக்கணினியில் சொருகிப் பெட்டிக்கு உயிர் கொடுத்ததும், கறுப்புத் திரையில் எழுத்துகள் கடகடவென்று ஓடின.

"என்னடீ சொல்லுது?" என்றாள் அக்கா.

"எந்திரிச்சு சோம்பல் முறிக்குது. ஒரு நொடி நிக்கும். அந்த நொடியில புடிக்கணும்."

மூன்று முறை தவறவிட்டாள். நாலாவது முறை விசையை அழுத்தியபோது ஓட்டம் நின்று, ஒரு அம்புக்குறி கண் சிமிட்டியது. உள்ளே போய்விட்டாள். எழுதுவதற்கு முன்னால் பெட்டியின் நினைவகச் சில்லில் இருந்த அத்தனையையும் ஒன்றுக்கு இரண்டாகப் படியெடுத்தாள். இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டாள்.

"எதுக்கு இவ்வளவு?" என்றார் மாமா.

"ஒவ்வொரு பெட்டிக்கும் அதோட வைஃபை ரேடியோவுக்குன்னு தனி அளவு இருக்கு மாமா. தொலைஞ்சா எந்தக் கடையிலயும் கிடைக்காது."

பிறகு பழைய பூட்லோடரை அழித்தாள். புதியதை எழுதினாள். 'முடிந்தது' என்று திரை சொன்னது. மின்சாரத்தை நிறுத்திப் போட்டாள்.

ஒன்றும் எரியவில்லை. திரையில் ஒரு எழுத்துகூட வரவில்லை. மறுபடி நிறுத்திப் போட்டாள். பிணம் மாதிரிக் கிடந்தது.

"சொன்னேன்ல," என்றார் மாமா. சொல்லிவிட்டு, பால்கனிக்குப் போய்த் தொலைபேசியில் தணிந்த குரலில் பேசினார். புதுப் பெட்டி இன்றைக்கே வேண்டும் என்று அவர் கம்பெனியைக் கெஞ்சியது கரண்டுக்கு நன்றாகவே கேட்டது.

அவள் பலகையைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரத்தில், கடுகளவு எழுத்தில், இரண்டாம் பதிப்பு என்பதற்கான குறி. பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த தாளிலோ முதல் பதிப்பு என்றிருந்தது. அவள் தாளை நம்பி, முதல் பதிப்புக்கான பூட்லோடரை எழுதியிருந்தாள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் 'ஸ்டிக்கரப் படிக்காதீங்க, போர்டப் படிங்க' என்று தொண்டை கிழியக் கத்துகிறவள் அவள். முகம் சூடாகிவிட்டது.

"நான்தான்க்கா தப்புப் பண்ணேன்," என்றாள்.

"செத்துப்போச்சா?"

"இல்ல. நான் விடமாட்டேன்."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு லிஃப்ட் கம்பெனிக்குப் போனாள். அந்த வாரம் அவசர அழைப்புக்கு அவள் முறை என்பதால் சாவி அவளிடம்தான் இருந்தது. பழைய லிஃப்டுகளின் கட்டுப்பாட்டுப் பலகையில் நினைவகம் கெட்டால் சில்லில் நேரடியாக எழுதுவதற்கு ஒரு கருவி வைத்திருந்தார்கள். நுனியில் துணி மாட்டும் கிளிப் மாதிரி ஒன்று, எட்டுப் பற்களோடு. கையெழுத்துப் புத்தகத்தில் 'சொந்த வேலைக்கு, நாளை காலை திருப்பித் தரப்படும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்துவந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது இணையக் கம்பெனி ஆள் புதுப் பெட்டியோடு சோபாவில் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையும் விடவில்லை அவரை. மேசையில் வயிறு திறந்து கிடந்த ரவுட்டரைப் பார்த்து எழுந்தேவிட்டார்.

"மேடம், இதெல்லாம் திறக்கக்கூடாது. வாரண்டி போயிடும்."

"போன வருஷமே போயிடுச்சு."

"விதிமீறல் மேடம். லைனையே கட் பண்ணிடுவாங்க."

"உக்காருங்க. ஒப்பந்தத்துல எந்த வரின்னு தேடி எடுத்து வைங்க. நான் இத முடிச்சுட்டு வந்து படிக்கிறேன்."

கம்பெனி ஆள் டேப்லெட்டில் தேட ஆரம்பித்தார். மாமா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நடுவில் நின்றார்.

கரண்ட் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் கிளிப்பை நினைவகச் சில்லின் எட்டுக் கால்களில் மாட்டினாள். முதல் தடவை சில்லே தெரியவில்லை என்றது மடிக்கணினி. ஊசிமுனையால் கால்களைச் சுரண்டித் துடைத்து மாட்டினாள். இப்போது தெரிந்தது. படித்துப் பார்த்தாள், காலையில் எடுத்த படியோடு ஒப்பிட்டாள். பூட்லோடர் இருந்த இடத்தைத் தவிர எல்லாம் அப்படியே இருந்தது. ரேடியோ அளவுகளும் பத்திரம். இந்தத் தடவை பலகையில் இருந்த குறியை வாய்விட்டுப் படித்து, அக்காவையும் படிக்கச் சொல்லி, இரண்டாம் பதிப்புக்கான கோப்பை எடுத்து எழுதினாள். எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்த்தாள். கிளிப்பைக் கழற்றினாள்.

"மாமா, சுவிட்சப் போடுங்க."

"நானா?"

"நீங்கதான்."

மாமா கண்ணை மூடிக்கொண்டு போட்டார். விளக்கு எரிந்தது. மடிக்கணினியில் எழுத்துகள் ஓடி, புதுப் பூட்லோடரின் பெயர் வந்து நின்றது. உலாவியைத் திறந்தாள். வெறும் வெள்ளைப் பக்கம், நடுவில் 'கோப்பைத் தேர்ந்தெடு' என்று ஒரு பொத்தான். யார் முத்திரையையும் அது கேட்கவில்லை. பொதுவில் கிடைத்த அந்த மென்பொருளைக் கொடுத்தாள். மூன்று நிமிஷம் ஆனது. அப்புறம் பெட்டி தானாக எழுந்து, கடவுச்சொல் என்ன வைக்கிறாய் என்று அவளிடமே கேட்டது.

அக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். பிடித்த பிடியில் வலித்தது.

"வரி கிடைச்சுதா?" என்று கரண்ட் சோபா பக்கம் திரும்பினாள்.

கம்பெனி ஆள் தலையைச் சொறிந்தார். மேலதிகாரிக்குப் போன் அடித்தார். எதிர்முனையில் என்னவோ சொன்னார்கள். "சொந்தக் கருவி வெச்சுக்கலாமாம்," என்றார் கம்பெனி ஆள். "ஆனா பிரச்சினைன்னா எங்களக் கூப்பிடக்கூடாதாம்."

"கூப்பிட்டு என்ன கிடைச்சுது இதுவரைக்கும்? சந்தோஷமாச் சொல்லிடுங்க."

அவர் புதுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய், நின்றார். "இந்த மாடல் நம்ம ஏரியாவுல நெறைய வீட்டுல இருக்கு மேடம்," என்றார். மிரட்டுகிறாரா தகவல் சொல்கிறாரா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை அக்கா காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை பதினோரு பேருக்குப் பேசினாள். ஒரு தடவைகூட அறுபடவில்லை. அன்று மாலை, பலகையின் படம் எடுத்து, எந்தப் பதிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கொட்டை எழுத்தில் எழுதி, கட்டடத்தின் லிஃப்டுக்குள் கண்ணாடிக்குப் பக்கத்தில் கரண்ட் ஒட்டினாள். 'உங்கள் பெட்டி சாகவில்லை. தூக்கிப் போடாதீர்கள். மூன்றாம் மாடிக்குக் கொண்டுவாருங்கள்.' மாமா அதைப் படித்துவிட்டு, எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்திக் கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் தொலைபேசி அடித்தது. இணையக் கம்பெனியின் மேலாளர். மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். வாடிக்கையாளர்களின் கருவிகளை அவள் திறப்பதாகப் புகார் வந்திருப்பதாகவும், சட்ட ரீதியான விளைவுகள் இருக்கலாம் என்றும் சொன்னார்.

"அவங்கவங்க பெட்டி சார். அவங்களே பக்கத்துல உக்காந்து பாத்துட்டுத்தான் இருக்காங்க."

"எத்தனை திறந்திருக்கீங்க?"

"ஒம்பது. பத்தாவது இப்ப மேசை மேல இருக்கு," என்றாள் கரண்ட். "சட்டத்துல இருக்கறத எழுத்துல அனுப்புங்க, படிச்சுக்கறேன். இப்ப வெக்கட்டுமா? பத்த வெக்கிற கோல் சூடாயிடுச்சு."