தொழில்: இல்லை

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. அதை ஒளிப்பதற்கில்லை.

எழுதுகிறவள் பெயர் முஃபீதா. கற்பிட்டியில் பாலர் பாடசாலை நடத்துகிறாள். பிள்ளைகளை அனுப்பிவிட்டு மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறாள். புத்தளத்தில் இளைஞர் நலனுக்கென்று இயங்கும் ஓர் அமைப்பிலிருந்து ஜௌபர் என்பவர் அவளைக் கூப்பிட்டார். 'வேலையின்மையும் வன்முறையும்' என்று ஒரு கதைத் தொகுப்புப் போடுகிறார்களாம். அவளிடமும் ஒன்று வேண்டுமாம். தலைப்பைக் கேட்டதும் அவள் ஏன் அதை இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னாள் என்று ஜௌபருக்கு விளங்கியிருக்காது. அவளுடைய தம்பி ஃபஸ்லான் அப்போது விளக்கமறியலில் இருந்தான். உயிர்க் கூட்டாளியின் தலையில் இரும்புக் குழாயால் அடித்தவன்.

எழுதிக் கொடுத்தாள். பெயரை மாற்றி, ஊரை மாற்றி, தம்பி என்று காட்டிக்கொள்ளாமல். ஜௌபர் வாசித்துவிட்டு மறுபடி கூப்பிட்டார்.

"கதை நல்லா இரிக்கி டீச்சர். ஒரு சின்னப் பிரச்சினைதான். பொடியனுக்கு வேலை இரிக்கே."

"ஓம், இரிக்கி."

"நம்மட தலைப்பு வேலையின்மை. வேலை இல்லாதவன்தானே அடிக்கணும்? அந்த வேலைய மட்டும் எடுத்துட்டுத் தாங்களேன்."

அந்த வேலையை மட்டும். கறியிலிருந்து கறிவேப்பிலையை எடுப்பதுபோல. அவள் சரி, பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தாள். பார்த்ததுதான் இது. இந்த முறை பெயர்களை மாற்றவில்லை.

2

எப்படித் தொடங்குவது?

*களப்பு நீரின் மேல் காற்று ஓயாமல்* — வேண்டாம். கற்பிட்டியில் காற்று எப்போதும்தான் அடிக்கிறது. அது யாரையும் குழாயைத் தூக்கச் சொல்லவில்லை.

*வேலையற்ற இளைஞர்கள் இந்த நாட்டின்* — வேண்டாம். இதை ஜௌபரே எழுதுவார்.

*ஃபஸ்லான் சின்ன வயதிலிருந்தே கோபக்காரன்* — பொய். அவன் வீட்டில் கரப்பான் பூச்சி அடிக்கக்கூட உம்மாவைத்தான் கூப்பிடுவான்.

சரி, நடந்ததை நடந்தபடி சொல்வதே மேல். ஃபஸ்லானுக்கு இருபத்தாறு வயது. கணக்கியலில் உயர் டிப்ளோமா முடித்தவன். முடித்த நாளிலிருந்து ஐந்து வருடமாக விண்ணப்பம் போடுகிறான்; வங்கிக்கு, அரசாங்கக் கச்சேரிக்கு, கொழும்பில் யார் யாருக்கோ. நேர்முகத் தேர்வுக்குப் போட ஒரு வெள்ளைச் சட்டை வைத்திருந்தான். அதைக் கலியாண வீட்டுக்குக்கூட உடுக்க மாட்டான். காற்றுக் காலத்தில் வெள்ளைக்காரர் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வருவார்கள். அப்போது ஹோட்டலில் பட்டம் சுமப்பான். காற்று விழுந்தால் வேலையும் விழும்.*

*(இந்த வரியை முஃபீதா இரண்டு தரம் வெட்டினாள். அழகாக இருக்கிறது என்ற சந்தேகத்தில். பிறகு உண்மையாகவும் இருக்கிறதே என்று விட்டுவிட்டாள்.)

3

றொமேஷைப் பற்றிச் சொல்லாமல் இதற்கு மேல் நகர முடியாது.

தலவிலப் பக்கம் வீடு. கத்தோலிக்க வேதக்காரப் பிள்ளை. தமிழும் சிங்களமும் ஒரே மூச்சில் பேசுவான். அவனும் ஃபஸ்லானும் கடற்கரையில் ஒரே வொலிபோல் அணி. பந்தை றொமேஷ் எழுப்பிக் கொடுக்க ஃபஸ்லான் அடிப்பான். களப்போரத்தில் கில்பட் என்பவருக்கு ஓர் இறால் பண்ணை உண்டு. அங்கே காவல் வேலை முதலில் றொமேஷிடம்தான் இருந்தது. ஒருநாள் ஊர்ப் பொடியன்கள் நாலைந்து பேர் வந்து குளத்தில் வலை வீசினார்கள். றொமேஷ் ஏசிப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். அவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். கில்பட் அன்றே அவனை நிறுத்திவிட்டார்.

நிறுத்தப்பட்ட றொமேஷ் நேரே வந்தது ஃபஸ்லானிடம். அங்கே இடம் காலியாக இருக்கிறது, நீ போய்க் கேள் என்றான். தன் வேலையைத் தானே வந்து கூட்டாளிக்குக் கைகாட்டிவிட்டவன் அவன். (தொகுப்பில் போட முடியாத அளவுக்கு நல்லவனாக இருக்கிறான். ஆனால் அப்படித்தான் நடந்தது.)

ஃபஸ்லான் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். கில்பட் டிப்ளோமாவைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு முழ நீள இரும்புக் குழாயொன்றை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"முந்தினவனுக்கு அடிக்கத் தெரியாது," என்றார். "உனக்குத் தெரியுமா?"

ஐந்து வருடத்தில் அவனிடம் ஒருவர் கேட்ட ஒரே நேர்முகக் கேள்வி. தெரியும் என்று சொன்னான். வீட்டுக்கு வந்து உம்மாவிடம் வேலை கிடைத்துவிட்டது என்றான். என்ன வேலை என்று கேட்டதற்கு மேற்பார்வை என்றான். உம்மா அன்று நெய்ச்சோறு ஆக்கி நாலு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

4

வெள்ளிக்கிழமை மத்தியானம். ஜும்ஆத் தொழுகைக்குப் போகலாமா என்று ஃபஸ்லான் முதலிலேயே கேட்டிருந்தான். எல்லாரும் பள்ளிவாசலில் இருக்கும் அந்த நேரத்தில்தான் களவு போகிறது, நீ எங்கேயும் அசையக் கூடாது என்று கில்பட் சொல்லிவிட்டார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. ஃபஸ்லான் குளத்து வரம்பில் குழாயோடு நின்றான்.

றொமேஷ் ஒளிந்து வரவில்லை. வீச்சு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டுதான் வந்தான்.

"ஒரு வீச்சு, மச்சான். வீட்டில கறி இல்ல."

ஏலாது என்றான் ஃபஸ்லான். தெரிந்தால் என்னையும் நிறுத்திவிடுவார், நாளைக்கு நானே சந்தையில் வாங்கித் தருகிறேன், போ என்றான். றொமேஷ் அதை விளையாட்டாக, பகிடியாக எடுத்துக்கொண்டான். அவன் குழாயைப் பார்த்தான். அதையும் பகிடியாகத்தான் எடுத்திருப்பான், ஏனென்றால் அதே குழாய் முந்தி அவன் கையிலும் இருந்தது, அவன் அதை ஒருவர் மேலும் ஓங்கியதில்லை. வலையை வீசினான். அது தண்ணீரில் விரிந்தது.

ஃபஸ்லான் அடித்தான்.

[இந்த இடத்தில் முஃபீதா பத்திப் பத்தியாக எழுதிக் கிழித்திருக்கிறாள். அவன் மனதில் ஓடியது என்ன? ஐந்து வருட விண்ணப்பங்களா, நெய்ச்சோறா, கில்பட்டின் கேள்வியா? எழுதுகிறவள் நினைத்தால் எதையும் ஓட விடலாம். மறியலில் அவனிடமே கேட்டாள். தெரியாது ராத்தா என்றான். அவனுக்கே தெரியாததை இட்டுக்கட்ட அவளுக்குக் கை வரவில்லை.]

ஒரே அடி. காதுக்கு மேலே. றொமேஷ் குளத்துக்குள் விழுந்தான். ஃபஸ்லான் குழாயை எறிந்துவிட்டுக் குதித்து, அவனை இழுத்தெடுத்து, தோளில் போட்டுக்கொண்டு றோட்டுக்கு ஓடினான். ஆட்டோ ஒன்றை மறித்து, ஆஸ்பத்திரி வரைக்கும் றொமேஷின் தலையை மடியில் வைத்து, தன் சட்டையைக் கழற்றிக் காயத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டே போனான். யார் அடித்தது என்று பொலிஸ் கேட்டபோது, நான்தான் என்றான்.

5

இனி ஜௌபர் எடுக்கச் சொன்ன அந்த வேலைக்கு வருவோம்.

என்ன தொழில் செய்கிறாய் என்று பொலிஸ் கேட்டது. கில்பட்டின் பண்ணையில் காவல் என்றான். அவர்கள் கில்பட்டுக்குப் போன் எடுத்தார்கள். அப்படி ஒருவனை எனக்குத் தெரியாது, என்னிடம் காவலுக்கு ஆளே இல்லை, இரண்டு பொடியன்கள் இறால் களவெடுக்க வந்து பங்குச் சண்டையில் அடிபட்டிருப்பார்கள் என்றார் அவர். நியமனக் கடிதம் கிடையாது. சேர்ந்து சம்பள நாள்கூட வரவில்லை. ஆகவே முறைப்பாட்டில் தொழில் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினார்கள். அடுத்த நாள் செய்தி வந்தது: களவுப் பங்கில் மோதல், வேலையற்ற இளைஞர் கைது.

வேலை தேடி அலைந்த ஐந்து வருடம் அவனை ஒருவரும் செய்தியில் எழுதவில்லை. வேலையில் இருந்தபோது செய்ததற்குத்தான் வேலையற்றவன் என்று எழுதினார்கள். இப்போது அவளையும் அதையே எழுதச் சொல்கிறார்கள், தொகுப்புக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக.

வேலையில்லாமைக்கும் இந்த அடிக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. யார் இல்லையென்றது? ஆனால் அது ஜௌபர் நினைக்கிற நேர்கோடு இல்லை. நிலையான வேலையில்லாமல் இருந்த ஐந்து வருடமும் அவன் ஓர் ஈயை அடிக்கவில்லை. அந்த ஐந்து வருடத்துக்குத் திரும்பிப் போக வேண்டிவரும் என்ற பயம் வந்தபோதுதான்* —

*(முஃபீதா இந்த வசனத்தை முடிக்கவில்லை. முடித்தால் அது தம்பிக்காகப் பேசுகிற சட்டத்தரணியின் வசனமாகிவிடும். அடிபட்டவனுக்கும் ஒரு சகோதரி இருக்கிறாள்.)

6

முடிவுகள்.

(அ) றொமேஷ் செத்துப்போகிறான். ஜௌபர் இதை ஏற்றுக்கொள்வார். ஆனால் அவன் சாகவில்லை.

(ஆ) கில்பட் மனம் திருந்தி நீதிமன்றத்துக்கு வருகிறார். இதை எழுதும்போது முஃபீதாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

(இ) நடந்தது. அதாவது, நடந்தவரைக்கும்.

றொமேஷ் பிழைத்தான். இடது கை சரியாக எழும்பவில்லை. ஃபஸ்லான் கில்பட்டின் ஆள்தான் என்று சொல்ல அவனைவிட்டால் வேறு சாட்சி இல்லை. சொன்னால், களவுப் பங்கில் அடித்தவன் என்ற பெயர் ஃபஸ்லானைவிட்டுப் போகும். குழாயைக் கொடுத்தவரும் நீதவான் முன்னால் வர வேண்டியிருக்கும் என்று தம்பியின் சட்டத்தரணி சொன்னார். முஃபீதா தலவிலவுக்குப் பஸ் ஏறினாள்.

றொமேஷின் தாய் கதவைத் திறந்தாள். யாரென்று தெரிந்ததும் திரும்பி உள்ளே போய்விட்டாள். றொமேஷ்தான் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னான். தலை மழித்திருந்தது, தையல் தெரிந்தது. ஃபஸ்லான் எப்படி இருக்கிறான் என்று அவன் கேட்டான். உன் கையைப் பற்றித்தான் கேட்கிறான் என்றாள் அவள். பிறகு, வந்த காரியத்தைச் சொன்னாள்.

றொமேஷ் குரலைத் தாழ்த்தினான்.

"சொல்லலாம் அக்கா. அவன் வேலையிலதான் இருந்தான். எனக்குத்தான் நல்லாத் தெரியும்." வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். "ஆனா அதச் சொன்னா நான் கள்ளன் எண்டு நானே சொன்னதாகும். இப்ப அது கில்பட் சொல்ற கதை மட்டுந்தான். கை சுகமானதும் வேலை தேடணும். கள்ளனுக்கு ஆர் வேலை தருவாங்க?"

தம்பிக்காக வாதாட அவள் பஸ்ஸில் சொற்களைக் கோத்துக்கொண்டு போயிருந்தாள். அவற்றை விட்டுவிட்டுக் கைப்பையை எடுத்தாள். உள்ளே தாய் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று றொமேஷ் கேட்டான். வேண்டாம் என்று சொல்லி எழுந்தாள்.

7

வழக்கு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. முடிவில் ஒரு நம்பிக்கைக் கீற்று வைத்தால் நல்லது டீச்சர், இளைஞர்கள் வாசிப்பார்கள் என்று ஜௌபர் நேற்றும் கூப்பிட்டுச் சொன்னார். கீற்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஃபஸ்லானின் வேலையை நான் எடுக்கப் போவதில்லை என்று அவள் சொல்லிவிட்டாள். தொகுப்பில் இந்தக் கதை வராது. வேறெங்கோ இதை நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே உங்களிடமே கேட்க வேண்டியிருக்கிறது. றொமேஷ் நீதிமன்றத்தில் ஏறி என்ன சொல்ல வேண்டும்? உண்மையை என்று உடனே சொல்லிவிடாதீர்கள். அவளும் அப்படித்தான் நினைத்துப் பஸ் ஏறினாள். நீங்கள் கடை வைத்திருக்கலாம், பண்ணை வைத்திருக்கலாம், உங்கள் அலுவலகத்தில் ஒரு கதிரை காலியாக இருக்கலாம். உண்மையைச் சொன்ன பிறகு, ஒரு கை எழும்பாத, களவுக்குப் பேர்போன அந்தப் பொடியன் உங்கள் வாசலில் வந்து நிற்பான். அவனுக்கு என்ன சொல்வீர்கள் என்று முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். முஃபீதா உங்கள் பதில் தெரியாமல் இதற்கு மேல் ஒரு வரியும் எழுத மாட்டாள்.