காலியாக விட்ட கட்டம்

தமிழ்ச்செல்வனிடம் பேனா இருந்தது, நேரமும் இருந்தது. இருந்தும் அந்தப் படிவத்தின் கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டான். ‘வேலை மிச்சமானவருக்கு மாற்று வேலை என்ன?’ என்று அதற்கு மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

ரேணிகுண்டாவில் கார்களுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் கம்பெனியில் அவன் சூப்பர்வைசர். நகரிக்காரன். திருப்பதியில் இரண்டு நாள் ‘லீன்’ பயிற்சி முடித்து வந்ததிலிருந்து ஐயாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. வீண் நடை, வீண் காத்திருப்பு, வீண் சரக்கு எல்லாவற்றையும் ஒழித்துவிட வேண்டுமாம். தன் லைனில் இருந்த பெண்களைக் கூட்டி, “எது வீணுன்னு உங்களுக்குத்தான் தெரியும். தைரியமா சொல்லுங்க. இதனால ஒருத்தர் வேலையும் போவாது, நான் பொறுப்பு,” என்றான்.

தாட்சாயணி நம்பினாள். அவளும் கோதையும் பிச்சாட்டூர் பக்கம் ஒரே ஊர். கம்பெனி பஸ்ஸில் எப்போதும் ஒரே சீட். தாட்சாயணி ஒயருக்கு முனை பொருத்துவாள். கோதை அவற்றைத் தட்டில் அடுக்கி டெஸ்டிங் மேஜைக்குக் கொண்டுபோவாள். போக முப்பத்தாறு அடி, வர முப்பத்தாறு அடி, நாள் முழுக்க.

“அந்த மேஜைய இங்க இழுத்துப் போட்டா இவ இன்னாத்துக்கு சார் நடக்கணும்? சாயந்தரம் ஆனா காலு வீங்கிக்கினு அழுவுறா,” என்றாள் தாட்சாயணி.

இழுத்துப் போட்டார்கள். நடை ஒழிந்தது, உற்பத்தியும் கூடியது. மேனேஜர் ரமணா கைதட்டினார். நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதற்குப் போட்டோ எடுக்கக் கூப்பிட்டார். அப்போதுதான், இந்த மாற்றத்தை எழுதி மேனேஜரிடம் கொடுக்க வேண்டிய படிவம் அரைகுறையாக நின்றது. பேக்கிங்கில் ஆள் பற்றாக்குறை என்று தமிழ்ச்செல்வனுக்குத் தெரியும். ‘கோதை, பேக்கிங்’ என்று எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்? தலையைச் சீவிக்கொண்டு ஓடினான், பாவி.

திங்கட்கிழமை கோதை வரவில்லை. அவன் ரமணாவின் அறைக்குப் போனான்.

“ஒரு ஆள் மிச்சம் கதா, இல்லையா? நீ ஒண்ணும் எழுதல. கான்ட்ராக்ட் ஆள்தானே, நிறுத்திட்டேன்,” என்றார் அவர்.

“பேக்கிங்ல போட்டிருக்கலாமே சார்…”

“அங்க காலையிலதான் புது ஆள் வந்துச்சு. முன்னாடியே சொல்றதுக்கு என்னப்பா?”

அங்கேயே நின்று சண்டை போட்டிருக்கலாம். நான் பொறுப்பு என்று வாய் கிழியப் பேசியவன்தானே! “சரி சார்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான். வரும் வழியில் நோட்டீஸ் போர்டில் அவன் போட்டோ சிரித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து மறுபடி கூட்டம் போட்டான். “வேற எதுனா வீணா நடக்குதா? சொல்லுங்க.” இருபத்திரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் தாட்சாயணியின் மேஜைப் பக்கம் போனான். அவள் ஸ்டூலின் ஒரு கால் உடைந்திருந்ததால், அடியில் அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருந்தாள். ஒவ்வொரு முனைக்கும் ஸ்டூல் ஆடியது, ஒவ்வொரு முறையும் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

“எத்தன நாளா இப்படி இருக்குது? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?” என்றான்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“சொன்னதெல்லாம் போதும் சார். அன்னைக்கு நான் வாயை மூடிக்கினு இருந்திருந்தா, கோதை இன்னைக்கும் எங்கூட பஸ்ஸுல வந்துகினு இருப்பா.”