உறவுக் கட்டம்

மனித அறிவின் வரலாறு இனி புதிய பட்டியல் நெறிக்கு முன், பின் என்று இரண்டாகப் பிரியும் என நூலக இயக்குநர் அறிவித்தபோது ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. பின்வரிசையில் இருந்தவர்கள் தேநீர் வந்துவிட்டதென்று எழுந்தார்கள்.

நெறி எளியதுதான். எந்த நூலும் இனி தனியாக நிற்கக் கூடாது. அதற்கு வேறு நூலோடோ ஆளோடோ என்ன உறவு என்று கணினியில் ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டும். காலியாக விட்டால் கணினி அடுத்த நூலுக்கு நகராது. இந்த வேலை பட்டியலாளர் அம்மாளிடம் வந்தது. அவருக்கு உறவென்று வெளிநாட்டில் ஓர் அக்கா இருந்தாள். எப்போது அழைத்தாலும் "அப்புறம் பேசறேன்டி" என்பாள். அந்த அப்புறம் வரவேயில்லை.

மொழிபெயர்ப்புகள் மூலத்தோடும், மறுப்பு நூல்கள் தாம் திட்டிய நூலோடும் சேர்ந்தன. நாதியற்று நின்றவை சில. சோப்பு ஆலையின் ஆண்டறிக்கை, தேனீ நோய்க் கையேடு, ரத்தான ரயில்களின் கால அட்டவணை, இயக்குநரே எழுதிய 'பட்டியலும் பிரபஞ்சமும்'. நூலகம் மூடும் நேரம். அம்மாள் அவற்றின் கட்டத்தில் 'பட்டியலாளர்' என்று போட்டுவிட்டுக் கிளம்பினார். அவை பின்னாலேயே வந்தன, தரைக்கு ஒரு சாண் மேலே, வரிசை கலையாமல். சாலையில் தடித்தவை நின்று இருபுறமும் பார்த்த பிறகே கடந்தன.

"என்னக்கா, புள்ளகுட்டியெல்லாம் கூட்டிட்டுக் கெளம்பியாச்சா?" என்றார் வாயிற்காவலர். மறுநாளிலிருந்து அதையும் கேட்கவில்லை.

அம்மாளின் ஒற்றை அறையில் தொலைக்காட்சி ஓடியது செய்திக்காக அல்ல, ஏதாவது ஒரு குரலுக்காக. அன்றிரவு அவர் அதை அணைத்தார். கால அட்டவணை ஜன்னலோரம் பிடித்துக்கொண்டது. காலையில் எல்லாம் அவரோடு வேலைக்குத் திரும்பின.

தன் நூல் கடைத்தெருவில் இன்னொருவர் பின்னால் போனதைக் கேள்விப்பட்ட இயக்குநர் அம்மாளை அழைத்தார்.

"என் புத்தகம் உங்களுக்கு என்னம்மா உறவு?"

"கட்டத்தைக் காலியா விட்டா நகர மாட்டேங்குது சார்."

"அதுக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

"தேடினேன் சார். யாருமே இல்ல."

புத்தகத்தைச் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா என்று இயக்குநர் கேட்கவில்லை. எல்லாக் கட்டத்திலும் 'இயக்குநர்' என்று மாற்றச் சொன்னார். அம்மாள் ஒவ்வொன்றாக மாற்றினார். ஒரு மணி நேர வேலைக்கு மாலைவரை எடுத்துக்கொண்டார். அன்று நூல்கள் இயக்குநரின் கார் பின்னால் போயின. அம்மாள் தனியாக வந்து தொலைக்காட்சியைப் போட்டார்.

இயக்குநரின் மனைவி கதவைப் பாதிதான் திறந்தார். "உங்க ஒருத்தரோட உறவே எனக்கு ஜாஸ்தி. இதுங்களை எங்கேர்ந்து கூட்டிட்டு வந்தீங்களோ அங்கயே விட்டுட்டு வாங்க." கதவு இயக்குநரை மட்டும் உள்ளே விட்டது. மழை பிடித்துக்கொண்டது.

விடிந்தபோது நூல்கள் அம்மாள் வீட்டு வாசலில் சொட்டச் சொட்ட நின்றன. அவர் துண்டை எடுத்தார். இயக்குநர் அன்றே பழையபடி மாற்றச் சொன்னார், தற்காலிகமாக. அவர் ஓய்வுபெற்றார், அடுத்த இரண்டு இயக்குநர்களும் வந்து போனார்கள். தற்காலிகம் அப்படியே இருக்கிறது. உறவில்லாத நூலே இல்லாத நூலகம் என்று ஆய்வுக்குழு பாராட்டிவிட்டுப் போனது.

மழையில் நனைந்து வந்த அந்தக் காலையில் அம்மாளின் மின்விசிறிக்குக் கீழே எல்லா நூல்களும் விரிந்து காய்ந்தன, இயக்குநருடையதைத் தவிர. யாரோ நூலகத்துக்கு இனாமாகக் கொடுத்த படி அது. முதல் தாளில் 'என் அன்பு மனைவிக்கு' என்று எழுதி அவர் கையெழுத்திட்டிருந்தார். மற்ற தாள்கள் அச்சகத்தில் மடித்தபடியே இருந்தன, அவற்றின் ஓரத்தை வெட்டி இன்னும் யாரும் பிரிக்கவில்லை.