எல்லா மாதமும் மூன்றாவது மாதம்

“அம்மாகிட்ட மாசாமாசம் வரிக்குன்னு பிடிச்ச காசைத் திருப்பிக் குடுங்க, ஞானம்மா.”

தய்னாரா ஆசீர்வாதம்கூடக் கேட்கவில்லை. ரெசிஃபி நகரத்தில், தன்னை ஞானஸ்நானத் தொட்டியில் ஏந்தியவளிடம் காசு கேட்பது, தாய்ப்பாலுக்கு விலை பேசுவது மாதிரி. “கேஸ் வேணா போடு. அவ மூஞ்சியப் பாத்துக் காசு மட்டும் கேட்டுறாத” என்று அம்மா லிந்தால்வா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

யோவான் திருவிழாவுக்கு முந்தின நாள். சலூனில் நிற்க இடமில்லை. ஒரு தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த ஞானம்மா ஜுலெய்தியின் கை நிற்கவில்லை.

“காலேஜுல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?”

“கூட்டல் கழித்தலும் சொல்லிக் குடுத்தாங்க.”

சாயத்தலைக்காரி சிரித்தாள். “ஆடாதீங்க, காது கறுத்துடும்” என்று ஜுலெய்தி அவள் தலையை நிமிர்த்திவிட்டு, தய்னாராவைப் பின்னறைக்குக் கூட்டிப் போனாள்.

லிந்தால்வா இங்கே வருடக்கணக்காக முடி உலர்த்தியவள். “நீ கூலிக்காரி இல்லடி, சொந்தத் தொழில்காரி” என்று சொல்லி ஜுலெய்திதான் அவள் பெயரை அரசாங்கத்தில் பதிந்தாள். தண்ணீர் குடிக்கக்கூட அனுமதி கேட்ட சொந்தத் தொழில்காரி. அவள் வரியை ஜுலெய்தி தானே கட்டுவதாகச் சொல்லி, கூலியிலேயே பிடித்துக்கொண்டாள். அந்த வரியில்தான் நோய்க்கால உதவிப்பணமும் அடக்கம். இப்போது மணிக்கட்டு வீங்கி, முடி உலர்த்தும் கருவியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உதவி கேட்டுப் போனால், ஒரு மாத வரிகூடக் கட்டவில்லை என்று பதில்.

ஜுலெய்தி வீங்கிய கால்களைத் தூக்கி முக்காலியில் வைத்தாள்.

“அந்தக் காசுல நகையா வாங்கினேன்? தொற்றுக் காலத்துல சலூன் வரி நின்னுபோச்சு. பாக்கியக் கட்டத் தவணை குடுத்தாங்க. மூணு தவணை விட்டா மொத்தத்தையும் ஒரே மூச்சுல கட்டணும். ரெண்டு விட்டுட்டேன். மூணாவதுக்கு உங்கம்மா காசு.”

“அது ஒரு மாசம்தானே?”

“எனக்கு எல்லா மாசமும் மூணாவது மாசம்தான்டி.”

தய்னாரா நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து கால் சென்டரில் திட்டு வாங்கிவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். இந்த அலுப்பு அவளுக்குப் புரிந்தது. புரிந்ததுதான் எரிச்சலாக இருந்தது.

“உங்கம்மா பேருல இருக்கற வரி பாக்கிக்கும் தவணை போடுவோம். அஞ்சு வருஷம். என்னுதோட சேத்து நானே கட்டிடறேன்” என்றாள் ஜுலெய்தி.

“அஞ்சு வருஷம் உங்கள நம்பணும். தவணை கட்டினா கடன் தீரும். வீட்டுல இப்ப அடுப்பு எரியாது.”

“ராத்திரியெல்லாம் தூங்காம இதப் பேசிப் பாத்துட்டு வந்தியா?”

“பாதியாவது இன்னைக்குக் குடுங்க. பையில இருக்கறதக் கிழிச்சுடறேன்.”

“என்னது அது?”

“தொழிலாளர் கோர்ட்டுக்கு மனு. தவணையும் நானே போட்டுக்கறேன், என் சம்பளத்துல. அம்மா கையெழுத்துப் போட்டுட்டா. இடது கையால.”

ஜுலெய்தி அவளையே பார்த்தாள். காசு வைக்கும் மேசை இழுப்பறையின்மேல் கை போனது, திறக்கவில்லை.

“ஜுலெய்தி, தலை எரியுது” என்று வெளியிலிருந்து குரல்.

“வரேன் கண்ணு.” அவள் முனகிக்கொண்டே எழுந்தாள். “திருவிழா முடியட்டும் மகளே. பேசலாம்.”

தய்னாரா எழுந்தாள். பையைத் தோளில் மாட்டி, காத்திருந்த பெண்களின் முழங்கால்களை ஒதுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வக்கீல் இன்னும் ஆபீஸில் இருப்பார். பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.