ஒரு தீக்குச்சி கனம்

மூன்றாவது முறையாக லாரி எஞ்சினின் ஃப்ளைவீல் சக்கரத்தைக் கம்பியால் நெம்பிச் சுற்றி, கோட்டைக் கோட்டோடு சேர்த்து நிறுத்தினேன். முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சியில் இருந்தது. கியரின் குறி, பம்பின் குறி, எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. ஆனால் ஸ்டார்ட் செய்தால் லாரி இருமியது. வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு, ஆறு சிலிண்டரில் மூன்றோ நான்கோ மட்டும் வேலை செய்வதுபோல் நொண்டியது. மேலே எங்கோ டக் டக்கென்று ஒரு தட்டல். டைமிங் தவறினால், அதாவது டீசல் நேரம் தப்பிப் பாய்ந்தால், வருகிற அதே கோளாறு. டைமிங் தவறவில்லை என்பதைத்தான் காலையிலிருந்து எனக்கு நானே நிரூபித்துக்கொண்டிருந்தேன்.

"மறுபடியும் அந்தக் கோடா?" என்றான் ஹாரன். லாரியின் சொந்தக்காரனும் டிரைவரும் அவனே. அவன் மெதுவாகப் பேசினாலே நாலு தெருவுக்குக் கேட்கும் என்பதால் அந்தப் பெயர். "என் கல்யாண போட்டோவக்கூட நான் இத்தனை தடவை உத்துப் பாத்ததில்லண்ணே."

"கொஞ்சம் வாய மூடிட்டு இரு."

"மூடிட்டேன். வண்டியும் மூடிட்டுத்தான் இருக்கு."

அவன் லாரியின் பழைய சிலிண்டர் ஹெட் விரிசல் விட்டுப் போனதால், பழைய இரும்புக் கடையிலிருந்து வேறொன்று எடுத்துவந்து மாட்டியிருந்தேன். அதே கம்பெனி, பின்னால் வந்த மாடல். போல்ட்டெல்லாம் அச்சு அசலாகப் பொருந்தியது. உயரம் மட்டும் சற்றே கூடுதல். அதனால் வால்வுகளைத் தூக்கிக் கொடுக்கும் பன்னிரண்டு புஷ் ராடுகளும் அந்த ஹெட்டுக்குரியவையே வேண்டும். பழையதைவிட ஒரு தீக்குச்சி கனம் நீளமானவை. அதையும் கேட்டு வாங்கித்தான் வந்தேன்.

பம்பை மறுபடி கழற்றலாமா என்று ஸ்பேனரை எடுத்தேன், வைத்தேன். துடைத்த கையையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஏதோ தோன்றி மேல்மூடியைத் திறந்தேன். ராக்கர் வரிசையில், ராடுகளின் தலையை முட்டி நிற்கும் பன்னிரண்டு டேப்பட் ஸ்குரூக்கள். ஒன்பது ஒரே உயரத்தில் நின்றன. மூன்று மட்டும் கடைசிப் புரி வரை உள்ளே இறங்கியும் ராடை எட்டாமல், தொங்கலாக ஆடின. தட்டல் அங்கிருந்துதான். அந்த மூன்று வால்வுகளும் பிந்தித் திறந்து முந்தி மூடுகின்றன. நோயைத் தப்பான உறுப்பில் தேடியிருக்கிறேன்.

ராடுகளை உருவி, ஜன்னலோரம் கிடந்த கண்ணாடிப் பலகைமேல் வரிசையாக நிறுத்தினேன். ஒன்பது நெட்டை. மூன்று குட்டை.

"அட, இதானா?" ஹாரன் சிரித்தான். "பழசுல மூணு கலந்துருச்சு. விடுண்ணே, மாத்திடு."

நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தேன் என்பதுதான் சரி. அவன் லாரியின் பழைய ராடுகளைக் கம்பியால் கட்டி மூலையில் சாய்த்திருந்தேன். அதில் ஒன்பது இருந்தால் தீர்ந்தது. எண்ணினேன். பன்னிரண்டு. கட்டைப் பிரித்துத் தரையில் பரப்பி எண்ணினேன். பன்னிரண்டுதான், எல்லாமே குட்டை.

அப்படியென்றால் இந்த மூன்று குட்டையும் என் மச்சானுடைய லாரியில் இருந்தவை. இந்த ஹெட்டுக்குரிய மூன்று நெட்டை இப்போது அவன் எஞ்சினுக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

மச்சான் என் மனைவியின் தம்பி. அவன் ஓட்டுகிற லாரியும் இதே பழைய மாடல். கேஸ்கட் மாற்றுவதற்காக அதையும் இந்த வாரம்தான் திறந்திருந்தேன். ஒவ்வொரு எஞ்சினின் ராடுகளையும் தனித்தனி அட்டைப்பெட்டி மூடியில் துளை போட்டுச் செருகி, எண் எழுதி வைப்பது என் வழக்கம். முந்தாநாள் அவன் தலைமேல் நின்றுகொண்டு அவசரப்படுத்தினான். அவனுடையதும் ஹாரனுக்கு வாங்கியதுமாக இருபத்து நான்கையும் ஒரே தட்டில் டீசல் ஊற்றிக் கழுவிவிட்டேன். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. விரலால் தடவியே பிரித்தேன். இருபது வருஷத்து விரல் என்ற திமிர்.

அதுகூடப் பரவாயில்லை. அவன் எஞ்சினில் டேப்பட் வைக்கும்போது மூன்று ஸ்குரூ மட்டும் மேலே தூக்கி நின்றதை என் கண் பார்த்தது. ஸ்குரூவைப் பிடித்து நிறுத்தும் லாக் நட் பாதிப் புரியைத்தான் கடித்தது; அதிர்ந்தால் கழன்றுவிடும். பார்த்தேன். "என்ன மாமா, ஆச்சா?" என்று அவன் கேட்டான். இறுக்கிவிட்டு, ஆச்சு என்றேன்.

இன்று விடியற்காலையில் முழு லோடோடு கிளம்பியிருந்தான். இந்நேரம் மலையடிவாரம்.

பட்டறை வாசலுக்கும் லாரிக்கும் இடையே நடந்தேன். பாதிப் புரி போதும், அப்படியே ஓடி முடிகிற வண்டிகள் எத்தனையோ. அவன் இறங்கி வந்ததும் சும்மா ஒரு செக்கப் என்று சொல்லித் திறந்து மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? வழியில் நின்றாலும் பார்ட்ஸ் சரியில்லை என்று சொல்லலாம். இப்படி ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே போனவன், ஏற்றத்தில் எஞ்சின் செத்து லோடு பின்னால் இழுக்கிற இடத்துக்கு வந்ததும் நடப்பதை நிறுத்தினேன்.

அவனை அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்து ஓய்ந்தது. வண்டி ஓட்டும்போது அக்காவின் போனைத் தவிர வேறு யார் போனையும் எடுக்கமாட்டான்.

அக்காவை அழைப்பதென்றால் அக்காவிடம் சொல்ல வேண்டும்.

அவள் எடுத்தபோது பின்னால் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. "என்னங்க, இந்த நேரத்துல?"

"உன் தம்பிக்குப் போன் போடு. உடனே எனக்குப் பேசச் சொல்லு."

"ஏன்?"

"அவன் வண்டியில தப்பான சாமான் போட்டுட்டேன்."

மிஷின் நின்றது. "வழியில நிக்குமா?"

"நிக்கலாம்."

"நின்னா?"

"இந்நேரம் மலை ஏறிட்டிருப்பான்," என்றேன். "வைங்க," என்றாள்.

இரண்டு நிமிஷம் இருக்கும். ஹாரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். போன் அடித்தது.

"என்ன மாமா? அக்கா என்னமோ அழுவுறா, ஒண்ணும் புரியல."

"எங்க இருக்க?"

"மலையில. ஏழாவது வளைவு தாண்டியாச்சு. வண்டி கொஞ்சம் மூச்சு வாங்குது. முழு லோடு இருக்குல்ல, அதான்."

"லோடால இல்லடா. நான்தான். ராடு மாத்திப் போட்டுட்டேன். நிறுத்து."

"இங்கயா? பின்னாலயே பஸ்ஸு ஒட்டிக்கிட்டு வருதே."

"எடம் பாத்து நிறுத்து. எஞ்சின் ஓடட்டும். ஹேண்ட் பிரேக்கப் போடு, கிளீனர இறங்கிச் சக்கரத்துக்குக் கல்லு வைக்கச் சொல்லு. அதுக்கப்புறம் ஆஃப் பண்ணு."

அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். "முன்னால கொஞ்சம் அகலம் இருக்கும் மாமா," என்றான், சின்னப் பையனைப் போல. "போன வைக்கல. சீட்டுல போடறேன்."

போன் எதன்மேலோ விழுந்தது. பிறகு எஞ்சின் சத்தம் மட்டும். கீழ் கியரில், கனத்து, ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு தட்டல் இருந்ததா, அது என் காதின் பயமா என்று பிரித்தறிய முடியவில்லை. பட்டறை மூலையில் காற்றடிக்கும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கியதும் எல்லாம் அதில் மூழ்கியது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மற்றொரு காதைப் பொத்தினேன். ஹாரன் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தான். திரும்பி வரவில்லை. சுவிட்சின்மேல் வைத்த கையை எடுக்காமல், காலடிகூடச் சத்தம் போட்டுவிடும் என்பதுபோல், அங்கேயே நின்றான். மலையில் எஞ்சின் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.