எட்டாவது புள்ளி

நகராட்சி அலுவலகத்தில் விபத்து வரைபடம் போடுவது அவர் வேலை. சாலையில் ஓர் உயிர் போனால் படத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளிகள் எங்கே மொய்க்கின்றனவோ அங்கே சிக்னல் வரும். பக்கம் பக்கமாக எழுதிய மனுக்கள் சாதிக்காததை அந்த ஒற்றைத் தாள் சாதித்துவிடும். அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

"புள்ளி வச்சே சம்பளம் வாங்குற ஆளு நீ ஒருத்தன்தாண்ணா" என்று தங்கை வாரிக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் விளையாட்டில்லாமல் கேட்டாள்: பிள்ளையோடு பள்ளிக்கூட முக்கைத் தாண்டுவதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது, அங்கே ஒரு சிக்னல் போடச் சொல்லக் கூடாதா?

"மேப்புல அங்க ஒரே ஒரு புள்ளிதாம்மா இருக்கு" என்றார்.

மூன்று வாரம் கழித்து, பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பியவளை அதே முக்கில் லாரி அடித்துப்போட்டது.

விடுப்பு முடிந்து வந்த முதல் நாள், அவளுக்கான புள்ளியை வைத்தார். படம் மாறவில்லை. அழித்துவிட்டு மறுபடி வைத்தார். அப்போதும் ஒரே புள்ளி. அந்த முக்கின் பட்டியலைத் திறந்து எண்ணினார். அவளோடு சேர்த்து எட்டுப் பேர்.

நீளமான சாலைகளில் கதவு எண்ணோடு விபத்தைப் பதிவார்கள். புள்ளிகள் பரவி விழும். முக்கு என்றால் அதன் பெயர் மட்டும்தான். கணினி ஒவ்வொரு முறையும் முக்கின் நட்டநடுவிலேயே குத்தும். அடுக்கிவைத்த தட்டுகள் போல ஒன்றின் மேல் ஒன்றாக எட்டு. மேலிருந்து பார்த்தால் ஒன்று.

ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பக்கமாகச் சற்றே தள்ளி வைத்தால் போதும். பத்து நிமிட வேலை.

கூட்டத்தில் படத்தை விரித்ததுமே ஆணையரின் விரல் அங்கே போய் நின்றது. அப்போதே சிக்னலுக்குக் கையெழுத்துப் போட்டார்.

"இத்தன வருஷமா இது ஏன் கண்ணுல படல?"



சாயங்காலம் படத்தைச் சுருட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளையின் முன்னால் மேசையில் விரித்து, ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் கேட்ட அன்றைக்கே அங்கே ஏழு இருந்தன என்பதையும் சொன்னார். மாப்பிள்ளை தன் சட்டையைப் பிடித்து உலுக்கினால் தேவலை என்றிருந்தது. மாப்பிள்ளை படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இதுல அவ எது, மச்சான்?"

எட்டாவதைத் தொட்டுக் காட்டினார்.

மாப்பிள்ளை குனிந்து பார்த்தார்.

"இது ரோட்டத் தாண்டி இருக்கே. நம்ம வீட்டுப் பக்கம்."